நீர்க்கடுப்புக்கு எந்த வழி? ராமநாதபுரம் கடற்கரைப் பெண்களுக்காக ஓர் ஒப்பீடு

சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று ஒரு பெண் சொன்னால், தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்தக் கடற்கரை ஊரிலும் அவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. தண்ணீரும் இளநீரும் பார்லிக் கஞ்சியும் குடித்துவிட்டு ஓரிரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். தெருமுனை மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு மருந்து வாங்கலாம். அல்லது ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ போய்ப் பெரிய மருத்துவமனையில் காட்டலாம். இவற்றில் இரண்டாவதைத் தவிர மற்ற மூன்றுக்கும் அதனதன் இடம் உண்டு என்பதும், பெரும்பாலான பெண்களுக்கு மூன்றாவதே சரியான வழி என்பதும் என் உறுதியான கருத்து. ஆனால் யாருக்கு எது, எவ்வளவு நேரத்துக்குள் என்பதில்தான் தவறுகள் நடக்கின்றன. அந்தத் தவறுகளுக்கு விலையாகச் சிறுநீரகமே போய்விடக்கூடும் என்பதால் ஒவ்வொன்றையும் நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது.

சிறுநீர்ப்பைத் தொற்று என்பது, பெரும்பாலும் நம் குடலில் தீங்கில்லாமல் வாழும் ஈ.கோலி என்ற பாக்டீரியா சிறுநீர்ப் பாதைக்குள் ஏறிவிடுவதால் வருவது. சாதாரணத் தொற்றுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்றுக்கு இந்த ஒரு கிருமியே காரணம். சிறுநீர் வெளியேறும் குழாய் பெண்ணுக்கு ஏறத்தாழ 4 செ.மீ. நீளந்தான்; ஆணுக்கோ 20 செ.மீ. வரை வருகிறது. பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வருவதற்கு இந்த உடலமைப்பே முதற்காரணம். இதை ஒழுக்கத்தோடு முடிச்சுப்போட்டுப் பேசுவது தவறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பல பெண்கள் வீட்டில்கூட வாய்திறக்காமல் நாள்களைக் கடத்துகிறார்கள். கிருமி உள்ளே ஏறினாலும், அடிக்கடி சிறுநீர் கழிப்பவருக்கு அதில் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டுவிடும். சிறுநீர் நெடுநேரம் தேங்கி நிற்கும்போதுதான் அது பையின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு பெருக வாய்ப்புக் கிடைக்கிறது.

நம் கடற்கரையில் அந்த வாய்ப்பு தாராளமாகக் கிடைக்கிறது. பாம்பன், ஏர்வாடிப் பக்கம் கடல்பாசி எடுக்க விடியற்காலையில் படகேறும் பெண்ணைப் பாருங்கள். பாறை கிழிக்காமலிருக்க ஒவ்வொரு விரலிலும் துணிப்பட்டையைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறார்; சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டு இடுப்பை இறுக்கி முடிந்துகொள்கிறார். அந்த முடிச்சுகள் கரை திரும்பும்வரை எளிதில் அவிழ்வதில்லை. படகில் ஆண்களும் இருக்கக்கூடும். ஒதுங்க இடம் கிடையாது. ஆகவே முந்தைய இரவிலிருந்தே தண்ணீர்ச் செம்பைத் தொடாமல் இருந்துவிடுகிறார். வாலிநோக்கம் உப்பளத்தில் வெயிலில் நிற்பவர்களும், கருவாடு காயப்போடும் களங்களில் வேலை செய்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். கடல்தண்ணீரில் நிற்பதால்தான் இது வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். ஈரத்துணி உடம்போடு ஒட்டிக்கிடந்தால் தோலில் படையும் அரிப்பும் வரக்கூடும். ஆனால் சிறுநீர்ப்பைத் தொற்றைப் பொறுத்தவரை கடலை விடவும் குடிக்காமலிருப்பதும் அடக்கிக்கொள்வதுமே பெரிய காரணங்கள்.

எந்த வழி என்று முடிவு செய்யுமுன், எரிச்சல் எந்த வகை என்று பார்த்துக்கொள்வது அவசியம். வெயிலில் வேலை செய்து நீர் வற்றியவருக்குச் சிறுநீர் அடர்ந்து, கருமஞ்சளாக இறங்கும்போது எரியும். இரண்டு மூன்று செம்பு தண்ணீர் குடித்து, நிழலில் இருந்தால் அரை நாளில் நிறம் தெளிந்து எரிச்சலும் அடங்கிவிடும். இது தொற்று அல்ல. தொற்று என்றால், போய்விட்டு வந்த சிறிது நேரத்தில் மறுபடியும் முட்டும், போனால் சில சொட்டுகளே வரும், அடிவயிறு கடுக்கும், சிறுநீர் கலங்கியிருக்கும், சிலருக்கு இரத்தம் கலந்து வரும், எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அந்த முட்டல் நிற்காது. எரிச்சலோடு வெள்ளைப்படுதலும் அரிப்பும் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் பிறப்புறுப்புத் தொற்று. அதற்கான மருந்தே வேறு. விலாப்புறத்திலிருந்து சுருண்டு பிடித்துக்கொண்டு அடிவயிற்றுக்கு இறங்கும் வலி கல்லடைப்பைக் காட்டும். வெயிலும் உப்புத்தண்ணீரும் மிகுந்த இந்த மாவட்டத்தில் நான்கும் ஒன்றை ஒன்று போலத் தொடங்குவதால், எல்லாவற்றையும் ‘சூடு’ என்று ஒரே கணக்கில் வைத்து ஒரே கைவைத்தியம் செய்யும்போது பாதி நேரம் அது பலித்துவிடுகிறது. மீதிப் பாதியில் நாள்கள் வீணாகின்றன.

இனி முதல் வழி. பொறுத்துப் பார்ப்பது முட்டாள்தனம் அல்ல. நோயெதிர்ப்பு நன்றாக உள்ள, கர்ப்பமில்லாத, இளம் அல்லது நடுவயதுப் பெண்ணுக்கு வரும் சாதாரணத் தொற்று பலருக்கு ஆன்டிபயாட்டிக் இல்லாமலே அடங்குகிறது. ஜெர்மனியில் 2015-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு சாரார்க்கு ஆன்டிபயாட்டிக்கும் மறு சாரார்க்கு வலிநிவாரணியான ஐபுப்ரோஃபெனும் கொடுத்துப் பார்த்தார்கள். வலிநிவாரணி மட்டும் எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பெண்களுக்குப் பிறகும் ஆன்டிபயாட்டிக் தேவைப்படவில்லை. ஆனால் அந்தப் பிரிவினருக்கு எரிச்சல் அதிக நாள் நீடித்தது. சிறுநீரகம் வரை தொற்று ஏறியவர்களும் அந்தப் பிரிவில்தான் கூடுதலாக இருந்தார்கள். நம் ஊருக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது: வெயிலில் நீர் வற்றிய உடம்பில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கேடு செய்யும். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

வீட்டில் குடிப்பவற்றில் எது நல்லது என்ற கேள்விக்கு என் பதில்: நீர் உள்ளே போக வைக்கும் எதுவும் நல்லது, கிருமியைக் கொல்லும் என்று நம்பி எதையும் குடிக்க வேண்டாம். பார்லிக் கஞ்சி, சீரகத் தண்ணீர், உப்புக் குறைத்த நீர்மோர் ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன. நெருஞ்சிமுள்ளும் சிறுபீளையும் சிறுநீரைப் பெருக்கும் மூலிகைகளாகச் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்குபவை. சித்த மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் குடிக்கலாம், கடைச் சரக்கை அளவில்லாமல் காய்ச்சிக் குடிப்பது சரியல்ல. இளநீர் பெரும்பாலோர்க்கு நல்லது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கோ அதிலுள்ள பொட்டாசியம் ஆபத்து. சாயல்குடிப் பக்கத்துப் பதநீர் எவ்வளவு குளிர்ச்சி என்றாலும் சர்க்கரை நோயாளிக்கு வேண்டாம். சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் சிட்ரேட் சிரப் எரிச்சலைச் சற்றுத் தணிப்பதாகப் பலர் சொல்வார்கள். தொற்றை அது குணப்படுத்துவதற்கு நல்ல சான்று இல்லை, பின்னால் சொல்லப்போகும் ஒரு மருந்தின் வலிமையையும் அது குறைத்துவிடும்.

ஆகவே இந்த வழிக்கு ஓர் எல்லை வேண்டும். காய்ச்சல் இல்லை, குளிர் நடுக்கம் இல்லை, விலா வலி இல்லை, வாந்தி இல்லை, கர்ப்பமில்லை, சர்க்கரை இல்லை என்றால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் பொறுக்கலாம். அதற்குள் தெளிவாகக் குறையவில்லை என்றால் மூன்றாவது வழிக்குப் போய்விட வேண்டும். ‘இன்னும் ஒரு நாள் பார்ப்போம்’ என்று நான்காம் நாளுக்குத் தள்ளுவதில்தான் தொற்று மேலே ஏறுகிறது.

இரண்டாவது வழியை நான் ஏன் ஒதுக்குகிறேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நடைமுறையில் மிகுதியானவர்கள் போவது அந்த வழிதான். “தம்பி, நீர்க்கடுப்புக்கு ரெண்டு மாத்திரை குடுப்பா” என்று தாழ்ந்த குரலில் கேட்டால் போதும். கத்தரிக்கோலால் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரை வெட்டி, பழைய தாளில் மடித்துத் தந்துவிடுவார்கள். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். காலாவதித் தேதி கடையிலுள்ள அட்டையோடு நின்றுவிடும். இரவு வரை திறந்திருக்கும் கடை, வரிசை கிடையாது, யாரிடமும் விளக்க வேண்டியதில்லை, வேலை நாளும் போகாது. பெண்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பது நன்றாகவே புரிகிறது. அவர்களைக் குறை சொல்லி ஆவதொன்றுமில்லை.

குறை அந்த இரண்டு மாத்திரையில் இருக்கிறது. பெரும்பாலும் கைக்கு வருவது நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் குடும்பம், அல்லது செஃபிக்சிம். இந்தியாவில் ஈ.கோலிக் கிருமிகளில் பெரும் பங்கு இந்தக் குடும்பங்களுக்கு இப்போது கட்டுப்படுவதில்லை என்பதை நாட்டின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகள் காட்டுகின்றன. கட்டுப்படாத கிருமிக்கு ஐந்து நாள் கொடுத்தாலும் பயனில்லை. கட்டுப்படும் கிருமிக்கு இரண்டே மாத்திரை கொடுத்தால், வலுவற்றவை செத்து, தாக்குப்பிடித்தவை மிஞ்சுகின்றன. எரிச்சல் அடங்கியதுபோல் இருந்து சில வாரங்களில் திரும்புகிறது. மறுபடி அதே கடை, மறுபடி இரண்டு மாத்திரை. இப்படிச் சுற்றியவர் கடைசியில் ஊசி மருந்துக்கு மட்டுமே கட்டுப்படும் தொற்றோடு படுக்கையில் சேர்க்கப்படுகிறார். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் தசைநாணைப் பாதிக்கக்கூடியவை என்பதால், வேறு வழி இருக்கும்போது சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அவற்றைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016-இல் எச்சரித்தது. மேலும், மருந்துச் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கக் கூடாது என்பது சட்டம். செஃபிக்சிம் உள்ளிட்ட சிலவற்றை யாருக்கு விற்றோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதியும் 2014 முதல் நடப்பில் உள்ளது. பிறப்புறுப்புத் தொற்றையோ கல்லையோ நீர்க்கடுப்பு என்று நினைத்து வந்தவருக்கும் இதே மாத்திரைதான் போகும். மருந்துக் கடையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை; பாராசிட்டமாலுக்கும், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டருக்கும், சீட்டு எழுதிய மருந்தை முழு அளவாக வாங்குவதற்கும் அங்கே போக வேண்டும்.

மூன்றாவது வழியான ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெரிய பலம், ஒரே இடத்தில் சிறுநீர்ப் பரிசோதனையும் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும், தேவைப்பட்டால் கர்ப்பப் பரிசோதனையும் செலவில்லாமல் முடிந்துவிடுவது. 2021 முதல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. கணக்குப் பார்த்தால் மருந்துக் கடையின் இரண்டு மாத்திரையை விடக் குறைந்த செலவு இதுதான். போவது அரை நாள் கூலி மட்டுமே. ஆனால் அந்த அரை நாளும் எல்லாருக்கும் ஒன்றல்ல. கடல்பாசிக்கு மாதத்தில் சில நாள்கள்தான் போக முடியும். அந்த நாள்களில் ஒன்றை இழப்பது பெரிய இழப்பு. வெளிநோயாளர் பிரிவு காலையில்தான் முழுமையாக நடக்கும். ஆண் மருத்துவரிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். கூச்சத்துக்கு ஒரு வழி உண்டு: ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் சொல்லுங்கள். “அக்கா, ரெண்டு நாளா முட்டிக்கிட்டே இருக்கு, சொட்டுச் சொட்டாத்தான் போகுது” என்றால் அவருக்குப் புரியும். சீட்டில் அவரே எழுதிக் கொடுத்துவிட்டால் நீங்கள் மருத்துவரிடம் விளக்க வேண்டியது குறையும். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் மூத்த லாத்தா (அக்கா) ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகும் வழக்கம் இருப்பதும் நல்லதே.

பரிசோதனைக்குச் சிறுநீர் பிடிப்பதில் கவனம் இல்லையென்றால் மொத்த அலைச்சலும் வீண். முதலில் அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் வருவதைக் கழிவறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் அவர்கள் கொடுத்த டப்பாவில் பிடிக்க வேண்டும். டப்பாவின் உட்பக்கத்தை விரல் தொடக் கூடாது. வீட்டிலிருந்து மருந்துப் புட்டியில் பிடித்து, கூடையில் வைத்து, வெயிலில் பேருந்தேறிக் கொண்டுவந்தால், வழியிலேயே கிருமிகள் பெருகிப் பரிசோதனை பொய் சொல்லும். சிறுநீர் பிடித்த இரண்டு மணி நேரத்துக்குள் சோதனைக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால், மாதிரியை அனுப்புவதை விட ஆளே போய் அங்கே கொடுப்பதே மேல் என்பது விளங்கும்.

சாதாரணப் பரிசோதனையில் சீழணுக்களும், சிறுநீரில் நனைக்கும் சோதனைப் பட்டையில் கிருமியைக் காட்டும் நைட்ரைட்டும் தெரிந்து, அறிகுறியும் பொருந்தினால் மருந்து தொடங்க அதுவே போதும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். செலவும் அலைச்சலும் கூடும். முதல் தடவை வந்த சாதாரணத் தொற்றுக்கு அது தேவையில்லை. மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளாகியும் குறையாதவர், ஆறு மாதத்தில் இரண்டு முறையோ ஓர் ஆண்டில் மூன்று முறையோ வந்தவர், கர்ப்பிணி, ஆண், கட்டுப்படாத சர்க்கரை நோயாளி, காய்ச்சலோடு வந்தவர் ஆகியோர்க்குக் கல்ச்சர் இல்லாமல் மருந்து மாற்றிக்கொண்டே போவது இருட்டில் கல்லெறிவது. கல்ச்சர் என்பது ஆன்டிபயாட்டிக்கின் முதல் மாத்திரையைப் போடுமுன் கொடுக்க வேண்டிய பரிசோதனை. கடை மாத்திரை இரண்டைப் போட்டுவிட்டு வருபவரின் கல்ச்சரில் கிருமி வளராமல் போய், ‘தொற்றில்லை’ என்று முடிவு வந்துவிடக்கூடும். போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மருந்துகளிலேயே இருக்கும் தேர்வைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. எழுதித் தருபவர் மருத்துவர்தான், ஆனால் கேள்வி கேட்பது நோயாளியின் உரிமை. இன்று சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு முன்னிற்பவை இரண்டு. நைட்ரோஃபுரான்டாயின் பழைய மருந்து, 100 மி.கி. அளவில் வேளைக்கு ஒன்றாக நாளுக்கு இருமுறை, சாப்பாட்டோடு, ஐந்து நாள். இரத்தத்தில் அதிகம் தங்காமல் சிறுநீரில் திரண்டு வேலை செய்வதால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலான ஈ.கோலி அதற்குக் கட்டுப்படுகிறது. சிறுநீர் பழுப்பாக இறங்கினால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். முன்னே சொன்ன சிட்ரேட் சிரப்பை இதோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடியாக ஒரே வேளை. தண்ணீரில் கரைத்து, இரவில் சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்குமுன் வெறும் வயிற்றில் குடிப்பது. மறுநாள் மாத்திரை நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதால் படகுக்குப் போகும் பெண்ணுக்கு அது வசதி, விலையோ கூடுதல்.

இரண்டையும் நேருக்குநேர் ஒப்பிட்டு 2018-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், 28 நாள் கழித்து நைட்ரோஃபுரான்டாயின் எடுத்தவர்களில் 70 விழுக்காட்டினரும் ஃபாஸ்ஃபோமைசின் எடுத்தவர்களில் 58 விழுக்காட்டினரும் முழுமையாகத் தேறியிருந்தார்கள். ஐந்து நாளும் விடாமல் போடக்கூடியவருக்கு நான் நைட்ரோஃபுரான்டாயினையே சொல்வேன். இரண்டாம் நாள் எரிச்சல் நின்றதும் மாத்திரையை மறந்துவிடுபவர், பாதி வேளை போடுவதை விட ஒற்றைப் பொடியை முழுதாகக் குடிப்பது மேல். சிறுநீரகச் செயல்பாடு மிகக் குறைந்தவர்களுக்கும், பிரசவத்தை நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும் நைட்ரோஃபுரான்டாயின் ஆகாது. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் இந்த இரண்டுமே பற்றாது, ஏனென்றால் இவை சிறுநீரில்தான் வலுவாக இருக்கின்றன, சிறுநீரகத் திசுவில் அல்ல.

சிலர் முதல் வழியைத் தொடவே கூடாது. கர்ப்பிணிக்குத் தொற்று எளிதில் மேலேறிச் சிறுநீரகத்தைப் பிடிக்கும், குறைப்பிரசவத்துக்கும் வழிவைக்கும். அவருக்கு அறிகுறியே இல்லாவிட்டாலும் சிறுநீரில் கிருமி தெரிந்தால் மருந்து கொடுக்கிறார்கள். ஆண்களுக்கு வந்தால் அடைப்போ புராஸ்டேட் சிக்கலோ பின்னணியில் இருக்கக்கூடும் என்பதால் ஐந்து நாள் மருந்தோடு முடிந்துவிடாது. காரணம் தெரியாத காய்ச்சலோடு வரும் கைக்குழந்தைக்குச் சிறுநீரைச் சோதிக்காமல் விடக் கூடாது. யாராக இருந்தாலும், காய்ச்சலும் குளிர் நடுக்கமும் விலா வலியும் வாந்தியும் சேர்ந்தால் அதே நாளில் பெரிய மருத்துவமனை. இரவு என்றால் 108. ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருப்பதால் மதுரை வரை ஓடித்தான் ஆக வேண்டும் என்ற நிலை பெரும்பாலும் இல்லை.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. எரிச்சலோ முட்டலோ எதுவும் இல்லாத மூதாட்டிக்கு வேறு காரணத்துக்காக எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இருப்பதாக வந்துவிட்டால், வீடே பதறி மருந்து கேட்கிறது. முதியவர்களுக்கும் சிறுநீர்க் குழாய் பொருத்தியவர்களுக்கும் கிருமி தொந்தரவு செய்யாமல் குடியிருப்பது சாதாரணம். கர்ப்பமும் சிறுநீர்ப் பாதையில் செய்யப்போகும் அறுவையும் தவிர, அறிகுறி இல்லாத கிருமிக்கு மருந்து கொடுப்பதால் நன்மை இல்லை. நாளை உண்மையான தொற்று வரும்போது மருந்து பலிக்காமல் போவதுதான் மிச்சம்.

திரும்பத் திரும்ப வருபவர்களுக்கோ கேள்வி வேறு: தடுப்பதற்கு எதில் பணத்தையும் கவனத்தையும் போடுவது? மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு பதில் தெளிவாகவே இருக்கிறது, ஆனால் நம் பக்கம் அது மிகச் சிலருக்கே சொல்லப்படுகிறது. அந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து பிறப்புறுப்பின் உட்சுவர் வறண்டு, அங்கே காவலாக இருந்த நல்ல பாக்டீரியாக்கள் ஒழிந்து ஈ.கோலி குடியேறுகிறது. உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு அந்தக் காவலைத் திரும்பக் கொண்டுவருகிறது. 1993-இல் வெளிவந்த ஆய்வொன்றில், களிம்பு பயன்படுத்தியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 0.5 முறையும் மற்றவர்களுக்கு 5.9 முறையும் தொற்று வந்தது. மார்பகப் புற்று வந்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் கலந்து முடிவு செய்ய வேண்டும். பெண்கள் சிகிச்சை மருத்துவரிடம் “வறட்சியா இருக்கு, அடிக்கடி நீர்க்கடுப்பும் வருது” என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த வழி திறக்கும். ஒன்றை மட்டும் சொன்னால் மறுபடி ஆன்டிபயாட்டிக்தான் கிடைக்கும்.

இரவுதோறும் சிறிய அளவு ஆன்டிபயாட்டிக்கை மாதக்கணக்கில் எடுப்பது தொற்றைத் தடுக்கத்தான் செய்கிறது; நிறுத்தியதும் பலருக்குத் திரும்புகிறது, கிருமிகளும் எதிர்ப்பைக் கற்றுக்கொள்கின்றன. தாம்பத்திய உறவுக்குப் பின்னரே வருவதாகத் தெளிவாகத் தெரிந்தவருக்கு அந்த வேளைக்கு மட்டும் ஒரு மாத்திரை என்பது மருந்தின் மொத்த அளவைக் குறைக்கும் நல்ல ஏற்பாடு. கிரான்பெர்ரி என்ற வெளிநாட்டுப் பழம், அடிக்கடி வரும் பெண்களுக்குத் தொற்றை ஏறத்தாழக் கால் பங்கு குறைப்பதாக 2023-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். ஆனால் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாற்றில் சர்க்கரையே மிகுதி, மாத்திரையின் விலையோ கூலிக்காரக் குடும்பத்துக்கு எட்டாது. அதோடு சேர்த்து விற்கப்படும் டி-மன்னோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரைப் பொடி பயன் தரவில்லை என்று 2024-இல் பிரிட்டனில் செய்த ஆய்வு காட்டியது. அதற்குப் பணம் செலவிட வேண்டாம்.

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் மலிவு என்று பிற ஊர்களில் எழுதிவிடலாம். நிலத்தடி நீர் உப்பாகி, காவிரி கூட்டுக் குடிநீர் வரும் நாளை எதிர்பார்த்துக் குடங்களை வரிசையில் வைக்கும் கடற்கரையில், நல்ல தண்ணீர் விலைக்கு வாங்கும் பொருள். அப்படியும் அதற்கு ஈடு இல்லை. நாளுக்கு 1.5 லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த, அடிக்கடி தொற்று வந்த 140 பெண்களை வைத்து பல்கேரியாவில் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கத்தை விடக் கூடுதலாக 1.5 லிட்டர் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரி 1.7 முறையும், குடிக்காதவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. கூடுதலாக வேண்டியது ஒரு குடத்தில் சிறு பகுதிதான். வீட்டில் நல்ல தண்ணீர் குறைவாக இருக்கும் நாளில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஊற்றியது போக மிஞ்சியதைப் பெண் குடிக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில், அந்தப் பகுதியை முதலிலேயே அவருக்கெனத் தனிப் புட்டியில் எடுத்து வைத்துவிடுவது எந்த மாத்திரையையும் விட முன்னால் செய்ய வேண்டியது. இதயமோ சிறுநீரகமோ பழுதாகி, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

படகுக்குப் போகும் பெண்கள் இதை எப்படிச் செய்வது? ஏறுமுன் ஒரே மூச்சில் நிறையக் குடித்தால் கடலில் அடக்க வேண்டிவரும். குடிக்காமலே போனால் நாள் முழுதும் வற்றும். இந்த இரண்டையும் விட, முந்தைய மாலையும் இரவு சாப்பாட்டோடும் நன்றாகக் குடித்து, படகேறுவதற்குச் சற்றுமுன் சிறுநீரை முழுதாகக் கழித்துவிட்டு, கேனில் எடுத்துப்போன தண்ணீரை மணிக்கொரு தரம் சில மிடறாகக் குடித்துக்கொண்டு, பாசி எடுக்க இறங்கும் இடத்திலேயே அடக்காமல் போய்விடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். கரை வந்ததும் ஈரத்துணியை மாற்றி, மறுபடி கழித்துவிட்டு, அரை லிட்டராவது குடித்த பிறகே பாசியை எடைபோடப் போகலாம். கருவாட்டுக் களத்திலும் உப்பளத்திலும் வேலை செய்பவர்களுக்குக் கடல் குறுக்கே இல்லை. அங்கே தேவைப்படுவது பூட்டிவைக்காத ஒரு கழிவறையும் அதில் தண்ணீரும், வேலைக்கு நடுவே இரண்டு முறை போய்வர அனுமதியும். குழுவாகச் சேர்ந்து மேற்பார்வையாளரிடமும் ஊராட்சியிடமும் கேட்க வேண்டிய முதல் மூன்றும் இவைதான்.